செய்யட்டுமுங்க என்று சொன்ன வாய்

வாய் கொப்பளித்த தண்ணீர் இடப்பக்கமாக வழிந்து நைட்டியை நனைத்தது. அப்படித்தான் முதலில் தெரிந்தது. கண்ணாடியைப் பார்த்தேன். முகத்தின் இடது பாதி தூங்கிக்கொண்டிருந்தது, வலது பாதி மட்டும் எழுந்திருந்தது. சிரித்துப் பார்த்தால் வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. இடக்கண் மூடவே இல்லை.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "ஏம்புள்ள, சன்னலத் தொறந்து போட்டுப் படுத்தயா? காத்தடிச்சிருக்கும். மத்தியானத்துக்குள்ள சரியாப் போயிரும்" என்றார். அவர் டாக்டர் இல்லை, பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். ஆனாலும் அவர் சொன்னதை நம்பினேன். நமக்கு வேண்டியதை யார் சொன்னாலும் நம்பிவிடுகிறோமே!

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பம்புசெட் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை. அது ஆவணி மாதம். தை மாதம் என் ஒரே தம்பி கார்த்திக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ கூறைப்புடவையோடு வந்து அவன் பக்கத்தில் மணையில் உட்கார்ந்து செய்கிற சீர் அது. உடன்பிறந்தவளுக்கு அவன் கல்யாணத்தில் இருக்கிற ஒரே இடம் அதுதான். தம்பி அரைஞாண்கயிற்றோடு ஓடிய நாளிலிருந்து அந்த இடம் எனக்கு என்று நினைத்து வளர்ந்தவள் நான்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன், போகாமல் இல்லை. டோக்கன் வாங்கி நடைக்கூடத்தில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து நர்ஸ் வந்து, "டாக்டருக்கு அவசர கேஸ் ஒண்ணுங்க. இருந்து பாக்கறீங்களா, நாளைக்கு வர்றீங்களா?" என்று கேட்டாள்.

"பரவாயில்லைங்க, நாளைக்கே வாரேன்" என்று எழுந்து வந்துவிட்டேன்.

யாரும் என்னைத் துரத்தவில்லை. இருந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அடுத்தவருக்குச் சிரமம் கொடுத்துவிடுவோமோ என்று நமக்கு வாய் முந்திக்கொள்கிறதே, அந்த மரியாதைதான் என்னை எழுப்பி அனுப்பியது. மறுநாள் கம்பெனியில் சரக்கு கிளம்ப வேண்டியிருந்தது. அதற்கு மறுநாள் ஞாயிறு. திங்கட்கிழமை லீவு கேட்கக் கூச்சமாக இருந்தது. டாக்டர் முன் நான் உட்கார்ந்தபோது ஐந்தாம் நாள்.

நரம்பு மருத்துவர் ஒரு பெண்மணி. நெற்றியைச் சுருக்கச் சொன்னார், கன்னத்தை உப்பவைக்கச் சொன்னார், கை கால் பலத்தைச் சோதித்தார். பக்கவாதம் இல்லை என்றார். முகவாதம் (முகத்தின் ஒரு பக்கத்தை அசைக்கும் நரம்பு வீங்கிச் செயலிழந்து போவது) என்றார்.

"அஞ்சு நாளா என்னம்மா பண்ணீங்க?"

"நீங்க வேலையா இருந்தீங்கன்னு சொன்னாங்க..."

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஸ்டீராய்டு (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) மாத்திரையை முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும் என்றார். இப்போதும் தருகிறேன், பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், பார்ப்போம் என்றார்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது இன்று காலை வாய் கோணியிருந்தால் இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிட்டுக் கிளம்புங்கள். அது பக்கவாதமா, முகவாதமா என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டாம். டாக்டர் பார்க்கும்வரை ஆஸ்பத்திரி நாற்காலியை விட்டு எழாதீர்கள். மீதியைத் திரும்பி வந்து படித்துக்கொள்ளலாம்.

கண்ணுக்குச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை மூடி ஒட்ட ஒரு பிளாஸ்திரி, கண்ணாடி முன் பயிற்சி. அ, இ, உ என்று குழந்தை மாதிரி சொல்ல வேண்டும். காப்பியை இடது உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு குடித்தேன். வாரம் வாரம் செல்போனில் என் முகத்தை நானே படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டேன். தை மாதத்துக்கு இன்னும் இத்தனை வாரம் என்பதுதான் எனக்குக் காலண்டர்.

மூன்றாம் மாதம் கன்னம் லேசாக அசைந்தது. அன்றைக்கு நான் போட்ட கூத்தைப் பார்த்து வீட்டுக்காரர் கேசரி கிண்டினார். நான்காம் மாதம் வேறு ஒன்று தொடங்கியது. பேசினால் இடக்கண் தானாகச் சுருங்கியது. சின்கைனீசிஸ் (நரம்பு மறுபடி வளரும்போது வழி மாறிப்போய், ஒன்றை அசைத்தால் இன்னொன்றும் சேர்ந்து அசைவது) என்றார் டாக்டர். வாய்க்குப் போக வேண்டிய நரம்பு கண்ணுக்குப் போய்விட்டதாம். பஸ் மாறி ஏறுவது நரம்புக்கும் நடக்கிறது.

மார்கழியில் கொடுமுடியிலிருந்து அம்மா போன் செய்தார்.

"கண்ணு, நின்னுட்டு உக்காந்துட்டு உனக்குச் சிரமமா இருக்குமேன்னு ரோசனையா இருக்குது. இணைச்சீரு வேணா சித்தப்பன் மக பிரியா செய்யட்டுமா?"

எனக்குக் காலில் ஒரு கோளாறும் இல்லை. நிற்பதற்கு என்ன சிரமம்? அதைக் கேட்டிருக்கலாம். "செய்யட்டுமுங்கம்மா, பரவாயில்லைங்க" என்றேன்.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் முதல் தடவை கேட்டதும் யாரும் வேண்டும் என்று சொல்ல மாட்டோம். காப்பி கொடுத்தால் வேண்டாமுங்க என்போம். கொடுக்கிறவர் விடமாட்டார். அட, குடிங்க என்பார். மூன்றாவது தடவை வாங்கிக் குடிப்போம். நானும் இரண்டாவது தடவைக்காகப் போனைக் காதில் வைத்துக் காத்திருந்தேன். "அதெப்புடி, நீ இருக்கறப்ப அவ செய்வாளா?" என்று ஒரு வார்த்தை.

"செரி கண்ணு, ஒடம்பப் பாத்துக்க" என்று அம்மா வைத்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிரியா பட்டுடுத்திக் கூறையோடு வந்து என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். அழகாக இருந்தாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்று எழுதினால் அது பச்சைப் பொய். வயிறு எரிந்தது. அந்த மணையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட இருந்தது. சீர் முடிந்து கார்த்தி இறங்கி வந்து, "ஏனக்கா, நீயே வேண்டாம்னுட்டயாமா?" என்றான். அவன் முகமும் வாடித்தான் இருந்தது.

"ஆமாங் கண்ணு" என்றேன். அவன் கல்யாண வேளையில் வேறு என்ன சொல்வது?

பந்தியில் இன்னொரு கூத்து. முகவாதம் வந்த சிலருக்குச் சாப்பிடும்போது அந்தப் பக்கத்துக் கண்ணில் தண்ணீர் கொட்டும். இதுவும் வழி மாறிய நரம்பின் வேலைதான். எனக்கு அது அந்தப் பந்தியில்தான் முதன்முதலாக வந்தது. வாயில் கவளத்தை வைத்ததும் இடக்கண்ணிலிருந்து பொலபொலவென்று ஊற்றியது. பக்கத்து இலையில் இருந்த அத்தை தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "நல்ல நாளும் அதுவுமா அழுவாத அம்மணி. பிரியாவும் உன்ற தங்கச்சிதான?" என்றார்.

"அழுவலீங்க அத்தை, இது நரம்புங்க."

"ஆமா ஆமா, நரம்புதான்" என்று அவர் எதிர்வரிசையைப் பார்த்துத் தலையாட்டினார். எத்தனை பேருக்கு நரம்பு விளக்கம் சொல்வது? ரசம் வருவதற்குள் எழுந்துவிட்டேன்.

அதன் பிறகு எனக்கு வந்த அறிவுரைகளை மூட்டை கட்டி வைக்கலாம். நல்லதையே நினை. இதைவிடப் பெரிய நோயெல்லாம் இருக்கிறது. கல்யாணம் நல்லபடியாக நடந்ததே, அதைப் பார். எல்லாம் சரி. ஆனால் ஏமாற்றத்துக்கு மாத்திரை எழுதித் தருகிறவர்கள் யாரும் அது எங்கே வலிக்கிறது என்று கேட்பதில்லை. எனக்குக் கொஞ்சமாவது உதவியது ஒன்றுதான். சிரமம் என்று உடம்பின்மேல் பழியைப் போடுவதை நிறுத்திவிட்டு, நான் ஏமாந்துபோனேன் என்று வீட்டுக்காரரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே முழுவதையும் கேட்டார். அன்று நன்றாகத் தூங்கினேன்.

ஒரு வருடம் முடிந்து டாக்டரிடம் போனேன். "கண்ணு மூடுது, பேச்சுத் தெளிவா இருக்கு. இனிப் பெருசா மாறாதுங்கம்மா. இதுதான் இனி உங்க முகம்" என்றார்.

"அன்னிக்கே உக்காந்து பாத்திருந்தா?"

அவர் மழுப்பவில்லை. "உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் செல்போனில் இருந்த வாரப் படங்களை எல்லாம் அழித்தேன். அதுவரை என் நாட்கள் எல்லாமே 'முகம் சரியான பிறகு' என்ற ஒரு நாளைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன. அப்படி ஒரு நாள் கிடையாது என்றால் இன்று என்பது வெறும் இன்றுதான். வீட்டுக்குப் போகாமல் கொடுமுடிக்குப் பஸ் ஏறினேன்.

அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன். "இணைச்சீரு செய்யோணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சுங்கம்மா" என்றேன். முப்பத்தொன்பது வயதில் அம்மாவிடம் இதைச் சொல்லப் பஸ்ஸிலேயே நாலு தடவை ஒத்திகை பார்த்திருந்தேன்.

"நீதான கண்ணு செய்யட்டும்னு சொன்னே?"

"நான் சொன்னேனுங்க. நீங்க ஏனுங்க கேட்டீங்க?"

அம்மா கையிலிருந்த காயை முறத்தில் போட்டார். "போட்டாவுல நல்லாருக்காதுன்னு நாந்தான் நெனச்சுப்போட்டேன். உங்கப்பனுக்குக்கூடத் தெரியாது. பொண்ணூட்டுக்காரங்க என்ன பேசுவாங்களோன்னு இருந்துச்சு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "மனசுல வெச்சுக்காத சாமி. தப்புத்தான். பரவால்லைன்னு ஒரு வார்த்த சொல்லு."

அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்த வார்த்தை நுனி நாக்கு வரை வந்தும்விட்டது.

"இல்லீங்கம்மா, அதச் சொல்ல மாட்டனுங்க" என்றேன். பேசியதும் இடக்கண் அது பாட்டுக்குப் பாதி மூடிக்கொண்டது. கையை உருவிக்கொள்ளவில்லை. திறந்திருந்த கண்ணால் அம்மாவைப் பார்த்தபடியே இருந்தேன்.