கொள்ளிக்குத் தம்பியைக் கூப்பிடவில்லை

இடஒதுக்கீடு கேட்டு மரங்களை வெட்டிச் சாலையை மறித்த சமயம் அது. வடக்கனந்தல் பக்கம் எங்கள் ஊருக்குள் போலீஸ் புகுந்து, கண்ணில் பட்ட ஆண்களையெல்லாம் அடித்து இழுத்துப் போனது. தப்பியவர்கள் கரும்புக்குள் ஒளிந்தார்கள். என் தம்பியும்தான்.

அந்த நேரம் பார்த்து அப்பா இறந்துபோனார். பாடை தூக்க ஆளில்லை. தம்பியைத் தேடி வந்த நான்கு போலீஸ்காரர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ஏட்டு தொப்பியைக் கழற்றினார்.

"நாங்க தூக்கறோம்மா. கொள்ளி வைக்க உன் தம்பியக் கூப்புடு. ஒண்ணும் பண்ண மாட்டோம்."

"எங்க போனான்னே தெரிலிங்க ஏட்டையா."

அவர்களே தூக்கினார்கள். பெண்கள் போகாத சுடுகாட்டுப் பாதையில் நான் கொள்ளிச்சட்டியோடு நடந்தேன். பாதையோரம் முழுக்கக் கரும்பு. காற்றே இல்லை. ஆனாலும் ஓரிடத்தில் மட்டும் தோகை அசைந்து, எங்கள் கூடவே வந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கொள்ளியையும் நானே வைத்தேன். ஏட்டு தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"கரும்புல நிக்கறவன வரச்சொல்லும்மா. நாங்க போயிடறோம்."

அவர் நல்ல மனுஷர்தான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, பூட்ஸ் சத்தம் தேய்ந்து வெகுநேரமாகியும் தம்பி வெளியே வரவில்லை. எரியும் அப்பாவோடு நான் ஒருத்திதான் நின்றேன்.