நாத்தனாரின் கோடு

ஆய்வகத்தில் அவளுக்கு சி.ஐ.டி. அக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியமில்லை, ஆனாலும் அவள் காதுக்கு எட்டாமல் போகவில்லை. முகர்ந்து பார்க்காமல் பாலைக் காப்பியில் ஊற்றமாட்டாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் வேலை இழுத்துவிட்டது என்று தாமதமாக வந்தால், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி என்று விசாரித்த பிறகுதான் தட்டு வைப்பாள்.

வீட்டில் தலைவலியாக இருந்த அந்தக் குணம் வேலையில் கைகொடுத்தது. செல்களை உடைத்து, ஹீட்டரில் கொதிக்க வைத்து, அவற்றின் புரதங்களை ஜெல் பலகையில் ஓடவிட்டு, தேடுகிற ஒன்றை ஆன்டிபாடியால் பிடிப்பது அவள் வேலை. ஆன்டிபாடி அத்தனை புரதங்களுக்கும் நடுவே தனக்குரியதை மட்டும் போய்ப் பற்றிக்கொள்ளும். பற்றிய இடத்தில் படத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். ஆள்மாறிப் பிடிக்கிற ஆன்டிபாடிகளும் உண்டு. அதனால் அந்தப் புரதமே இல்லாத செல்களையும் பக்கத்தில் ஓட்டிப் பார்க்காமல் அவள் எந்தக் கோட்டையும் நம்பியதில்லை.

இந்த நிலையில்தான் மணவாழ்க்கை முறிந்து நாத்தனார் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். அவளும் அதே படிப்பு படித்தவள். ஆய்வகத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. கணவனின் நச்சரிப்புத் தாங்காமல் அண்ணிக்காரியே ஆய்வகத் தலைவியான மேடத்திடம் சிபாரிசு செய்தாள். வீட்டில் பக்கத்து அறை, வேலையில் எதிர் மேசை என்றாகிப்போனது.

மேடம் இருவருக்கும் ஒரே வேலையைக் கொடுத்தார். செல்லில் சேர்கிற கொலஸ்ட்ராலை வெளியே அனுப்பும் ஒரு பெரிய புரதம். நோயாளிகளின் செல்களில் அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவேண்டும். தொடக்கத்தில் இருவருக்குமே படத்தின் உச்சியில் ஒரு கறைதான் கிடைத்தது. பிறகு திடீரென்று நாத்தனாருக்கு மட்டும் கோடு வரத் தொடங்கியது. மை தீட்டியது போன்ற கோடு. அண்ணிக்கு அதே கறை.

ஆன்டிபாடியை இரண்டு டியூபாகப் பிரித்தது யார்? நாத்தனார்தான். நல்லதைத் தனக்கு வைத்துக்கொண்டு எனக்குத் தண்ணீர் கலந்து கொடுத்திருக்கிறாள் என்று அண்ணிக்குப் பட்டது. நாத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் பெயர்ச்சீட்டுகளை உரித்து மாற்றி ஒட்டினாள். அப்படியும் நாத்தனாருக்குக் கோடு விழுந்தது. அப்படியானால் படமே பொய்யா? அந்தப் புரதம் இல்லாத செல்களின் வரிசையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். துடைத்துவிட்டது போல் வெறுமையாக இருந்தது. கோடு நிஜம். அதுதான் அவளை அதிகம் சுட்டது.

தன் சாம்பிளில் யாரோ கைவைக்கிறார்கள் என்று அடுத்த சந்தேகம் வந்தது. சாம்பிள் வைத்த ஐஸ் பெட்டியைச் சாப்பாட்டு மேசைக்கும் தூக்கிக்கொண்டு போனாள். மேடம் பார்த்துவிட்டு, இந்த வேலையை இனி உங்கள் நாத்தனாரே கவனிக்கட்டும் என்று பதமாகச் சொன்னார். வீட்டில் இருவருக்கும் பேச்சு நின்றது. கணவன் தொலைக்காட்சிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

ஒரு மத்தியானம், பல் வைத்தியரிடம் போவதாகச் சொல்லிவிட்டு, தராசு வைத்திருக்கும் கண்ணாடி அறைக்குள் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து நோட்டம் விட்டாள். நாத்தனார் செய்வதெல்லாம் தான் செய்வதுபோலவே இருந்தது. அதே பிப்பெட், அதே ஜெல். ஒரே ஒரு இடத்தில், கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஹீட்டரைத் தாண்டிப் போய் சாம்பிளை நேராக ஜெல்லில் இறக்கினாள்.

அண்ணி வெளியே வந்தாள்.

“சாம்பிளை நீ கொதிக்க வைக்கல.”

நாத்தனார் பிப்பெட்டைக் கீழே வைத்தாள். “இல்ல அண்ணி.”

“எப்பலேருந்து?”

“கோடு வர ஆரம்பிச்சதுலேருந்து. அன்னிக்கு ஹீட்டர் உங்க மேசையில இருந்துச்சு. கேட்டா எதுக்கு ஏன்னு குடைவீங்க. பயந்துக்கிட்டு அப்படியே ஓட்டினேன். வந்துடுச்சு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லிட்டா அப்புறம் நான் எதுக்கு இங்க? எனக்கு வாடகைக்கு ரூம் இருக்கான்னு நீங்க பக்கத்து வீட்டுல விசாரிச்சது எனக்குத் தெரியும். டியூப் சீட்டை மாத்தினதும் தெரியும், என் மூடியில ஒரு புள்ளி வச்சிருந்தேன். எங்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான் அண்ணி.”

அறை விசாரித்தது உண்மைதான். கணவனுக்குக்கூட அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை. தன்னைத் தவிர இன்னொருத்தி அந்த வீட்டில் ஒட்டுக்கேட்டுக்கொண்டும் புள்ளி வைத்துக்கொண்டும் இருந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் சொன்னதை அப்படியே நம்பிவிடவில்லை. கொதிக்க வைத்தது, வைக்காதது இரண்டையும் ஒரே ஜெல்லில் தன் கையாலேயே ஓட்டினாள். கொதித்ததில் கறை, கொதிக்காததில் கோடு. செல்லின் சவ்வுக்குள் மடிந்து மடிந்து கிடக்கிற புரதம் அது. கொதிக்க வைத்தால் வெந்த முட்டைபோல் திரண்டு ஜெல்லின் வாயிலேயே சிக்கிக்கொள்கிறது. வந்து சேராத புரதத்தை எந்த ஆன்டிபாடி பிடிக்கும்? எல்லாப் புரதத்தையும் வருஷக்கணக்காகக் கொதிக்க வைத்துப் பழகிய கை, இதையும் யோசிக்காமல் கொதிக்க வைத்திருக்கிறது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் தன் கையைச் சந்தேகப்பட்டதில்லை.

இருவரும் மேடத்திடம் போனார்கள். கண்டுபிடித்தது இவள் என்று அண்ணி சொன்னாள். மறைத்து வைத்திருந்ததைச் சொல்லவில்லை. சீட்டு மாற்றியதை நாத்தனாரும் சொல்லவில்லை. மேடம் வேலையை மறுபடி இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார்.

சில மாதங்கள் கழித்து நாத்தனார் அடுத்த தெருவில் தானே ஒரு அறை பார்த்துக்கொண்டு போனாள். போனபிறகுதான் இருவருக்கும் பேச்சு சகஜமானது. மாற்றுச்சாவி ஒன்றை அவள் அண்ணியிடம் கொடுத்து வைத்திருக்கிறாள். அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் அண்ணியின் கை பைக்குள் அதைத் தேடிப் போவது உண்டு. இதுவரை திறந்து பார்த்ததில்லை.