பாக்கியராஜின் பாய்லர் வைத்தியம்

டீக்கடையில் காலைக் கூட்டம் கலைந்ததும் பாய்லரை அணைத்து, ஆறவிட்டு, மூடியைத் திறந்து முழங்கை வரை உள்ளே விடுகிறார் பாக்கியராஜ். திங்கட்கிழமைதோறும் இதுதான் வேலை. கூட்டேரிப்பட்டு போர்வெல் தண்ணீருக்கு உப்பு ஜாஸ்தி. அடியில் வெள்ளையாகப் படிந்ததைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் ஏடு ஏடாக வரும். அதை உள்ளங்கையில் ஏந்தி, டீ குடிக்க வருகிறவர்களிடம் காட்டுவார்.

"பாருங்க சார், எப்படி பேந்துக்கினு வருது! எனக்கும் இதேதான்."

நாற்பத்தாறு வயது. சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து மூட்டு வீங்கி வந்த காய்ச்சல், இதயத்தையும் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. அழற்சியில் புண்பட்ட வால்வு தடித்து, மேலே கால்சியம் படிந்து, இப்போது பாதிகூடத் திறப்பதில்லை. வால்வை மாற்றியே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் விழுப்புரத்தில் எக்கோ எடுத்த டாக்டர். இவர் காதில் கால்சியம் மட்டும்தான் விழுந்தது.

அன்றோடு பால் நின்றது, கேப்பைக் கூழும் நின்றது. ஊருக்கெல்லாம் பால் டீ போடுகிற மனுஷன், தினமும் வெறும் வயிற்றில் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து குடிக்கிறார். "மெதுவா கரையும் சார். அதுக்குள்ள ஜல்தி ஜல்தின்னு கத்திய எடுத்துக்கினு நிக்கிறாங்க." கரைவது அவர்தான். இரண்டு கிளாஸ் ஆற்றியதும் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்து கிடக்கிறது. கேட்டால், "கேஸ் டிரபிள் சார், வேற ஒண்ணுமில்ல."

தினமும் அங்கே டீ குடிக்கிற எனக்குக் கோபம்தான் வரும். பாய்லர் வேறு, நெஞ்சு வேறு என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறேன். ஒருநாள் மெல்லச் சொன்னார்: "எங்க அண்ணன் அந்தோணிசாமியும் இதே வால்வு ஆபரேஷனுக்குத்தான் போனான். என்னாண்ட டாட்டா காட்டிக்கினே உள்ள போனான் சார். திரும்பி வரல." அதன்பிறகு எனக்கு வாதாட மனம் வரவில்லை.

நேற்று நான் கடையில் இருந்தபோது அவர் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண். வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்று அவள் கேட்டது என் காதிலும் விழுந்தது. பஜ்ஜி மாவு கரைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்தார்.

"பாக்கியராஜா? அவரு இல்லீங்களேம்மா" என்றார் பாக்கியராஜ் போனில்.

"என்னாண்ட குடுங்க, நான் பேசறேன்." மாவுக்கையோடு எழுந்து வந்தார் அமலோற்பவம்.

பாக்கியராஜ் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டு, பையின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.