திரும்பத் திரும்ப முதலாம் புத்தகம்

புதுத் தென்னங்கிடுகின் ஈர வாசம் மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் ஆங்கிலம்தான் நினைவுக்கு வரும், கூடவே எரிச்சலும் வரும். தொண்ணூறுகளின் நடுவில் முல்லைத்தீவுக் கரையை விட்டு இடம்பெயர்ந்த பிறகு, நாங்கள் போய் இறங்கிய ஊரிலெல்லாம் புதிதாக வேய்ந்த கொட்டிலுக்குள் யாராவது ஒருவர் ஆங்கில "ரியூசன்" நடத்தினார். சேர்க்கும்போது அவர் நம் "நிலை" பார்ப்பார். தேறினால் இரண்டாம் புத்தகம், இல்லாவிட்டால் முதலாம் புத்தகம்.

எல்லா மாஸ்டர்மாரும் சொல்லிவைத்தது போல ஆங்கிலத்தில் ஒன்றையே கேட்டார்கள்: நீ எங்கே வசிக்கிறாய்? புதுக்குடியிருப்பில் நான் முல்லைத்தீவு என்றேன். கேள்வி விளங்காமல் பாடமாக்கியதை ஒப்புவிக்கிறேன் என்று முதலாம் புத்தகத்தில் இருத்தினார்கள். அதைக் கரைத்துக் குடித்து முடிக்கும் நேரத்தில் விசுவமடுவுக்குப் போனோம். அங்கேயும் முல்லைத்தீவு என்றேன். அங்கேயும் முதலாம் புத்தகம், அதுவும் தம்பியோடு ஒரே "வாங்குப்" பலகையில். அந்தப் புத்தகத்தில் பாயில் படுத்திருக்கும் பூனைப் படத்தைக் கிழித்தெறியலாம் போலிருந்தது.

கேள்வி எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆனால் கடற்றொழிலாளியான அப்பா, போன இடமெங்கும் முற்றத்தில் ஒரு முருங்கைத் தடிகூட அம்மாவை ஊன்ற விடவில்லை. "அடுத்த மாசம் கரைக்குப் போயிடுவம், இங்க ஏன் நடுறாய்?" என்பார். அவருடைய மகள் வேறெந்த ஊரைச் சொல்வாள்?

ஜெயபுரத்துக்கு வந்ததும் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இருக்கிற இடத்தைச் சொன்னா என்ன, குறைஞ்சா போயிடுவாய்?" என்று ஏசினா. எனக்கும் பூனையோடு மாரடித்து அலுத்திருந்தது. அப்பா சைக்கிளோடு வாசலில் நிற்க, நான் மாஸ்டரிடம் ஜெயபுரம் என்றேன். இரண்டாம் புத்தகம் கிடைத்தது.

திரும்பி வரும் வழியில் அப்பா கேட்டார்:

"அப்ப ஜெயபுரம்தானோ, பிள்ளை?"

"ஓம், அப்பா."

மறுநாள் காலை எங்கிருந்தோ ஒரு முருங்கைத் தடி கொண்டுவந்து, கிணற்றடியில் தானே ஊன்றினார். அம்மா குசினிக்குள் போய் அடுப்படியில் அழுதா.

இப்போது அந்தக் கொட்டிலும் இல்லை, முருங்கையும் இல்லை, கரையை மறுபடி பாராமலே அப்பாவும் போய்விட்டார். போன வாரம் வவுனியாவில், பிரெஞ்சு படிக்கலாமென்று கைபேசியில் என் நிலையைச் சோதித்தேன். எங்கே வசிக்கிறாய் என்று அதுவும் கேட்டது. உலகத்தில் இவர்களுக்கு வேறு கேள்வியே கிடையாதா? வவுனியா என்று அடித்தேன். சரியாம், அடுத்த நிலைக்குப் போகலாமாம். அப்பாவை நினைத்து அழுதுவிட்டுத்தான் போனேன்.