மூன்றாம் ஓலை

சிசிலியா தென்னை மட்டையைக் கால் பெருவிரலால் அமுக்கிக்கொண்டு கீற்று முடைகிறாள். கையும் ஓடும், வாயும் ஓடும். ஒரு கீற்றுக்கு ஓர் ஏச்சு. சிப்பிகாட் தோப்பில் பொறுக்கிய மட்டை. மழைக்கு முன்னால் கோயில் கூரைக்கு வருஷா வருஷம் அவள் கீற்றுதான். கூலி என்று யாராவது வாயெடுத்தால், "எம் பாவத்துக்கு மேல கூரை போடுதேன், பேசாமப் போங்க" என்பாள்.

அவள் பாவம் இன்னதென்று ஊருக்கே தெரியும். ஐம்பத்தி மூணில் இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்ததிலிருந்து பன்னிரண்டு வருஷமாகத் தச்சன் சின்னப்பனோடு ஒரே வீடு. அவனுக்குச் சோறு பொங்கி, மீனில் முள்ளெடுத்துக் கொடுப்பவள். கழுத்தில் ஜெபமாலை உண்டு, தாலி இல்லை. பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள், "ஷாதி கப், சிசிலி?" என்று கேட்டால், "அக்லா ஜஹாஜ், தீதி" என்பாள். கல்யாணம் அடுத்த கப்பலில். சின்னப்பனின் முதல் சம்சாரம் மெயின்லாந்தில் காலராவில் போய்விட்டாளாம். அதற்கு அவன் ஊர்ச் சாமியார் கடுதாசி தரவேண்டுமாம். கப்பல் வரும். கடுதாசி வராது.

அதுவரை பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் நன்மை அப்பம் அவளுக்குக் கிடையாது. எல்லாரும் நன்மை வாங்க எழுந்து போகையில் அவள் மட்டும் உட்கார்ந்து கூரையைப் பார்ப்பாள். எந்தக் கீற்று மக்கிவிட்டது என்று அவளைப்போல் அறிந்தவர் இல்லை. பிரசங்கத்தில் மோகபாவம் செய்யாதே என்கிற ஆறாம் கட்டளை வந்தால் மொத்தக் கோயிலும் அவள் பக்கம் திரும்பும். திருடாதே என்கிற ஏழாம் கட்டளைக்கு மட்டும் யாரும் யார் பக்கமும் திரும்புவதில்லை. கழுத்து சுளுக்கிவிடும்.

புதுச் சாமியார் வந்ததும் போய் நின்றாள். "கோயிலுக்கு நான் போட்ட ஓலை ஆயிரத்துக்கு மேல. எனக்கு மூணு ஓலை வாசிக்கக் கூடாதா சாமி?"

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பேரைச் சொல்லி வாசிப்பார்களே, அந்த ஓலை. சாமியார் இளகின மனசுக்காரர். கடுதாசி வேண்டாம், ரெண்டு சாட்சி போதும் என்றுவிட்டார். சின்னப்பன் தலையைச் சொறிந்தான்.

முதல் ஓலைக்குப் புதுச்சேலை. இரண்டாம் ஓலைக்கு வங்காளி அம்மாளையும் இழுத்து வந்தாள். மூன்றாம் ஓலையை வாசித்துவிட்டு, "தடை அறிந்தவர்கள் சொல்லவேண்டும்" என்றார் சாமியார். ஆண்கள் பக்கம் ஒருத்தன் எழுந்தான். மாப்பிள்ளை.

"தடை நாந்தான் சாமி. அவ உசிரோடதான் இருக்கா. நான் கடுதாசியே போடல. பீடத்துக்கு முன்னால பொய் சொல்ல மாட்டேன்."

அடுப்புக்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் சொன்னது பொய்யில் சேராதுபோல.

அன்று மத்தியானமே சாமியார் வீட்டுக்கு வந்தார். சிசிலியா குழம்பை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"பிரிஞ்சு போறதுதான் முறை. போக்கிடம் இல்லைன்னா, இனிமே அண்ணன் தங்கச்சியா இருங்கம்மா. அப்பத்தான் நன்மை தர முடியும்."

"தங்கச்சியா?" என்றாள். அழவில்லை. சட்டிதான் தரையில் ணங்கென்று உட்கார்ந்தது.

தட்டில் சோறு போட்டாள். அத்தனை வருஷமும் "இந்தாரும்" என்பதற்கு மேல் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிடாதவள், சாமியார் முன்னாலேயே, தெருவுக்கே கேட்க, "அண்ணே, சாப்பிட வாரும்!" என்றாள்.

சின்னப்பன் குனிந்த தலையோடு வந்து உட்கார்ந்தான். அவள் கரண்டியை விட்டுத் துழாவி, எப்போதும்போல நடுக்கண்டம் மீனாகப் பார்த்து எடுத்து, அவன் தட்டில் வைத்தாள். முள்ளை மட்டும் எடுக்கவில்லை.