பேசாத அண்ணன் போட்ட கையெழுத்து

அறுபதுகளின் தொடக்கம். திண்டுக்கல்லில் எங்கள் குடும்பத்துக்குத் தோல் வியாபாரம். அந்த வாடையில் நாள் முழுக்க உட்கார எனக்குப் பொறுமை இல்லை. ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆகிவிட்டேன். ஒரு சைக்கிள், ஒரு தோல் பை, வாய் நிறையப் பேச்சு. இவ்வளவுதான் என் முதலீடு. சாணார்பட்டிப் பக்கம் தோட்டம் தோட்டமாகச் சுற்றுவேன். "சாவு பேச வாராரு பாய்" என்று சொல்லி, என்னைக் கண்டதும் மாட்டுத் தொழுவத்துக்குள் போய் ஒளிந்துகொண்டவர்களும் உண்டு.

ஒருவர் மட்டும் ஒளியவில்லை. மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கமலைக்கு, அதன் வாளியான சாலுக்குத் தோல் வாங்க எங்கள் கடைக்கு வருகிற விவசாயி அவர். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஏழு வயதில் ஒரே மகள்.

"எனக்கு ஒண்ணுன்னா பிள்ளைக்கு ஏதாச்சும் வேணும்ல பாய். எழுதுங்க" என்று அவரே பேச்சை எடுத்தார்.

கிணற்று மேட்டில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். நாமினி, மகள். அவள் மைனர் என்பதால், தகப்பனுக்கு ஏதாவது ஆனால் பணத்தை அவளுக்காக வாங்கிப் பத்திரப்படுத்த ஒரு ஆளை நியமிக்க வேண்டும். பிள்ளையின் தாய்மாமன் செம்பட்டியில் இருந்தார். அவரைத்தான் சொல்வார் என்று நான் பேனாவைக் கொண்டுபோய்விட்டேன்.

"அங்கிட்டுக் களை எடுக்குறாரே, அந்த ஆளு பேரை எழுதுங்க" என்று வரப்புக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஆள் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். வரப்பில் நின்ற ஒரு தென்னை மரத்துக்காக இருவருக்கும் எட்டு வருடமாகப் பேச்சு இல்லை, நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. இது ஊருக்கே தெரியும்.

"அண்ணே, நெசமாத்தான் சொல்றீங்களா? மச்சினன் இருக்காரே?"

"மச்சினன் நல்லவன்தான். யாராச்சும் வந்து அழுதா எடுத்துக் குடுத்துருவான். இந்தக் கெணறு எங்க ரெண்டு பேத்துக்கும் பொது. ஒரு நாள் அவரு முறை, ஒரு நாள் என் முறை. எட்டு வருசத்துல என் முறைத் தண்ணியில ஒரு சால் கொறஞ்சதில்ல பாய். நான் ஊர்ல இல்லாத அன்னைக்கும் கொறஞ்சதில்ல."

நியமிக்கப்படுகிறவரின் கையெழுத்தும் வேண்டும். காகிதத்தோடு நான் வரப்பைத் தாண்டினேன். அண்ணன் நிமிராமலே கேட்டுக்கொண்டார். கையைத் துண்டில் துடைத்தார்.

"அம்புட்டும் பிள்ளைக்குத்தான?"

"ஆமாண்ணே."

"சரி, குடுங்க" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி களை எடுக்கக் குனிந்துவிட்டார். இதைச் சாக்காக வைத்து அண்ணன் தம்பியைச் சேர்த்து வைத்துவிடலாம் என்று கனவு கண்டிருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இரண்டு வருடம் கழித்துத் தம்பி காய்ச்சலில் படுத்தார். நான்கே நாளில் போய்விட்டார். நான் துக்கத்துக்குப் போயிருந்தேன். அண்ணன் வாசலை மிதிக்கவில்லை. தள்ளி ஒரு வேப்பமரத்தடியில், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். பிள்ளையைத் தாய்மாமன் செம்பட்டிக்குக் கூட்டிப் போனார்.

பிறகு ஒரு நாள் தாய்மாமன் கடைக்கு வந்தார். "தம்பி செத்ததுக்கே வாசப்படி ஏறாத மனுசன். பங்காளி கையில பணம் போனாத் திரும்புமா பாய்? அவரா ஒதுங்கிக்கிட்டா நல்லது. நீங்க சொன்னாக் கேப்பாரு" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். என் மனதிலும் அதே சந்தேகம்தான் இருந்தது. 'இந்தப் பொறுப்பு எனக்கு வேண்டாம்' என்று அண்ணன் எழுதுவது போல ஒரு கடிதத்தை நானே எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பணம் கோரும் படிவம் தோல் பையில். பேச்சுக்கா பஞ்சம், எப்படியும் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று சைக்கிளை மிதித்தேன்.

நல்ல கோடை. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. கொஞ்சம் இறைத்தால் வற்றிவிடும், மறுநாள்தான் ஊறும். அண்ணனுடைய மிளகாய்ச் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. ஆனால் கமலைச் சத்தம் கேட்டது. அவர்தான் மாடுகளை ஓட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் அந்த மிளகாயை ஒட்டியே ஓடி, வரப்பைத் தாண்டி, செத்துப்போன தம்பியின் கத்தரித் தோட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. கத்தரி பச்சைப்பசேலென்று நின்றது.

"என்னண்ணே, உங்க மொளகா வாடுது, தண்ணிய அங்கிட்டு விடுறீங்க?"

அவர் மாட்டை நிறுத்தவில்லை.

"இன்னைக்குத் தம்பி முறை பாய்."

தம்பி என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்க வேண்டிய தம்பி உயிரோடு இல்லை. தட்டிக்கேட்கவும் யாரும் இல்லை. அந்தத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்ப ஒரு வெட்டு மண் போதும். சட்டைப்பையில் இருந்த கடிதம் நெஞ்சைச் சுட்டது.

"செத்த நேரம் இருங்க, முறை முடியட்டும்" என்றார். கிணறு வற்றும் வரை காத்திருந்தேன். பிறகு வந்து கையைக் கழுவிவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

"சட்டையில என்ன, இன்னொரு பேப்பரு?"

"அது தப்பா எழுதினதுண்ணே" என்றேன். பொய் இல்லை.

பணம் வந்ததும் அண்ணன் அதைத் தபால் ஆபீசில் பிள்ளை பெயரில் போட்டார். அந்தப் புத்தகத்தைச் செம்பட்டிக்குக் கொண்டுபோய்த் தாய்மாமனிடம் காட்டிவிட்டு வரும்படி என்னிடம் சொன்னார். தாய்மாமன் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நான் அவரு மொகத்துல எப்பிடி முழிப்பேன் பாய்?" என்று கண் கலங்கினார். அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு நிறைந்ததும் அண்ணன் புத்தகத்தை அவளிடமே ஒப்படைத்தார். அதுவரை அவளுடைய தோட்டத்துக்குத் தண்ணீர் முறை ஒன்றுகூடத் தவறவில்லை.

எத்தனையோ படிவங்களில் மைனர் பிள்ளைகளின் பெயரை அதற்குப் பிறகு எழுதிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தத் தலை தொங்கிய மிளகாய்ச் செடிகள் கண் முன்னால் வந்து நிற்கும். பேச்சை விற்றுப் பிழைத்த நான், பேசாமலே ஒரு சொல்லைக் காப்பாற்றிய அந்த மனிதர் முன்னால் வாயடைத்து நின்ற மாதிரி வேறு எங்கும் நின்றதில்லை.