மாட்டுக்கு ஒரு சிடி ரைட்டர்

“சிடி ரைட்டர் இருக்குதுங்களா?”

போன வாரம் பொள்ளாச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்து இப்படிக் கேட்டுவிட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கிராமபோனுக்கு முள் கேட்டிருந்தால்கூட அவ்வளவு ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

“இப்ப யாருங்க மேடம் சிடி எழுதறாங்க? எதுக்குங்க உங்களுக்கு?”

“மாட்டுக்கு” என்றேன்.

நல்ல மனிதர். சிரிக்காமல் உள்ளே போய்த் தேட ஆரம்பித்தார். வேறு யாராவதாக இருந்தால் என் வீட்டு நம்பரை வாங்கி, வந்து கூட்டிப்போகச் சொல்லியிருப்பார்கள்.

விஷயம் இதுதான். என் அக்கா கேரள எல்லையோரம் மீனாட்சிபுரத்தில் இருக்கிறாள். மூன்று கறவை மாடு, கொஞ்சம் தென்னை, ஒரே மகன் கார்த்தி. அக்காவின் கணவர், என் மாமா, தவறிப்போய்ச் சில வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை பால் கறப்பது அவர் வேலை. மாட்டுச்சாளை உத்தரத்தில் ஒரு பழைய சிடி பிளேயரை மாட்டி வைத்து, காலையும் மாலையும் ஒரே சிடியைப் போட்டுவிட்டுக் கறப்பார். எல்லாம் பழைய பாட்டு. அவர் போன பிறகு அக்கா கறக்கிறாள். அதே பிளேயர், அதே சிடி.

அந்த சிடி சமீபத்தில் உயிரை விட்டது. சாணியும் தூசியும் பறக்கிற இடத்தில் எத்தனை வருஷம்தான் ஓடும்? முதலில் மூன்றாவது பாட்டில் திக்கியது. அப்புறம் எல்லாப் பாட்டிலும் திக்கியது. ஒருநாள் மொத்தமாக நின்றது.

அன்றிலிருந்து மாடுகள் பாலை ஏத்திக்கொள்கின்றன. மடி நிறையப் பால் இருக்கும், ஆனால் விடாது. மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும் — அதற்கு மனசு வந்தால்தான் பால். அடித்தாலும் வராது, கெஞ்சினாலும் வராது. சொசைட்டிக்குப் போகிற பால் பாதியாகக் குறைந்துவிட்டது.

கார்த்தி சும்மா இருக்கவில்லை. புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து, தன் போனில் பழைய பாட்டாகப் போட்டான். நடுவில் ஒரு டூத்பேஸ்ட் விளம்பரம் வந்தது. செவலை மாடு பால் குண்டானை உதைத்துத் தள்ளிவிட்டது. மற்ற இரண்டும் விளம்பரம் இல்லாதபோதும் மசியவில்லை.

கார்த்தி ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். மாட்டுக்கு வயசாகிவிட்டது, அம்மாவுக்கு முட்டி வலி, விற்றுவிடலாம் என்றான். ஞாயிற்றுக்கிழமை தரகரை வரச் சொல்லியாயிற்று. அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அம்மா காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைத் தினமும் பார்ப்பவன் அவன்தான். பாட்டு இல்லாததால் பால் வரவில்லை என்றால் ஊரே சிரிக்கும் என்றும் சொன்னான். அதுவும் வாஸ்தவம்தானே?

அக்கா எனக்குப் போன் செய்தாள். அழுகிற ரகம் இல்லை அவள். சாதாரணமாகத்தான் பேசினாள்.

“கண்ணு, உங்க மாமா இதே பாட்டுல உனக்கும் ஒரு சிடி எழுதிக் குடுத்தாங்கல்லோ? அது இருக்குதா?”

இருக்கிறது என்றேன்.

“அதக் கொண்டாந்து குடு சாமி. மாடு போயிருச்சுன்னா வெடியால நா எதுக்கு எந்திரிக்கோணும்?”

நான் சிடியைத் தேடி எடுத்தேன். பாலக்காட்டில் என் வீட்டு அலமாரியில், பட்டுப்புடவைக்கு அடியில், உறை கசங்காமல் இருந்தது. ஆனால் இருப்பது ஒன்றே ஒன்று. அதையும் சாணித் தூசிக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் எங்கே போவது? பிரதி எடுக்க வேண்டும். என் லேப்டாப்பில் சிடி போடுகிற ஓட்டையே கிடையாது. இப்படித்தான் நான் பொள்ளாச்சிக் கடைக்குப் போய் நின்றேன்.

கடைக்காரர் உள்ளேயிருந்து இரண்டு பெட்டியோடு வந்தார். இரண்டுமே லேப்டாப்பில் ஒயர் போட்டு மாட்டுகிற மெலிசு ரைட்டர்கள். ஒன்று பேர் தெரிந்த கம்பெனி, இன்னொன்று பேரே இல்லாதது. எது நம்பகமானது என்று கேட்டேன்.

“அதெப்படிங்க சொல்றது? இதுக்கெல்லாம் இப்ப ரிவ்யூ போடறதுக்கே ஆள் இல்லீங்க” என்றார்.

எனக்கு மாமா ஞாபகம் வந்துவிட்டது. ரிவ்யூவா? அந்தக் காலத்தில் சிடி ரைட்டர் வாங்குவது பெண் பார்ப்பதற்குச் சமம். பத்துப் பேரிடம் விசாரிக்க வேண்டும், பத்துப் பேரும் பத்து விதமாகச் சொல்ல வேண்டும், கடைசியில் நம் தலையில் எழுதியது நமக்கு.

மாமா வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது கார்த்தியின் படிப்புக்காக. எல்லார் வீட்டுக்கும் அப்படித்தானே வந்தது? அவன் அதில் கார் ஓட்டினான். மாமா பாட்டுக் கேட்டார். நான் அப்போது பாலக்காட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் என்பதால், குடும்பத்தில் எனக்கு விஞ்ஞானி பட்டம். சனிக்கிழமை ஆனால் மாமாவிடமிருந்து போன் வந்துவிடும். “அம்மிணி, சிடி எழுதற மிஷினு வாங்கோணும். எது நல்லா ஒழைக்கும்?”

எனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் விஞ்ஞானி தெரியாது என்று சொல்லலாமா? ஸ்பீடு அதிகமாக இருந்தால் நல்லது என்றேன். மாமா அதைப் பிடித்துக்கொண்டார். கோயம்புத்தூரில் கடை கடையாக ஏறி, பெட்டியின் மேல் எந்த நம்பர் பெரிசோ அதை வாங்கினார்.

வாங்கியதும் பயம் பிடித்துக்கொண்டது. கேரள எல்லைச் செக்போஸ்ட்டில் பிடித்து வரி போட்டுவிடுவார்களோ? யாரோ டீக்கடையில் கிளப்பிவிட்ட பீதி. மாமா என்ன செய்தார் தெரியுமா... பொள்ளாச்சியில் தவிட்டு மூட்டை ஒன்று வாங்கி, ரைட்டரை அதற்குள் புதைத்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டார். செக்போஸ்ட்டில் ஒருவர் ஏறி மூட்டையில் என்ன என்று கேட்டாராம். “தவிடாணு சாரே” என்று மாமா மலையாளத்தில் சொன்னதும் இறங்கிப் போய்விட்டாராம். வீட்டில் பெட்டியைத் திறந்தபோது ரைட்டரின் தட்டிலிருந்து ஒரு கைப்பிடி தவிடு கொட்டியது.

அந்த ரைட்டர் எழுதியதில் பாதிக்கு மேல் பாழ். கம்பெனி சரியில்லையா, தவிடு சரியில்லையா — இன்றுவரை தீர்ப்பு வரவில்லை. வீணான சிடிகளை மாமா தூக்கிப் போடவில்லை. நிலக்கடலைக் காட்டில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டார். வெயில் பட்டு மின்னுவதில் மயில் பக்கத்தில் வராது. அதைப் பார்த்து மற்றவர்களும் கட்ட, சில மாதங்களில் ஊருக்குள் யார் வீட்டு ரைட்டர் எப்படி என்பதை யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. காட்டைப் பார்த்தால் போதும். மாமா காடு கண்ணைக் கூசவைத்தது. அந்த வருஷம் கடலை மட்டும் அமோகம்.

இரண்டாவது ரைட்டருக்கு அவரே போனார், என்னைக் கேட்கவில்லை. மூட்டையும் கட்டவில்லை, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அது உழைத்தது. அதைவிட முக்கியம், அவர் கற்றுக்கொண்ட ஒரு பாடம்: ஸ்பீடைக் குறைத்து எழுது. அவசரமாக எழுதினால் ஒரு பிளேயரில் பாடும், இன்னொன்றில் பாடாது.

அவர் சிடி எழுதும்போது வீட்டில் ஊரடங்கு. மிக்சி ஓடக்கூடாது. போனை எடுத்துக் கீழே வைத்துவிட வேண்டும். கார்த்தி மௌசைத் தொட்டால் அடி விழும். அக்கா தேங்காய் உடைத்தால்கூட “அதிருது, அதிருது” என்பார். தட்டு வெளியே வருகிறவரை மாமாவும் நானும் திரையில் அந்தப் பச்சைக் கோடு நகர்வதையே பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அப்படி ஒரு விஷயத்துக்காகக் காத்திருந்து, கிடைத்ததும் சந்தோஷப்பட்டு எத்தனை நாளாயிற்று என்று ஏக்கமாகவும் இருக்கிறது.

பால் கறக்கும்போது போடுகிற அந்தச் சிடியை மாமாவும் நானும் சேர்ந்துதான் தொகுத்தோம். எதற்குப் பின்னால் எது என்று ஒரு வாரம் சண்டை. சோகப் பாட்டுக்குப் பிறகு உடனே காதல் பாட்டு கூடாது என்பது என் கட்சி. மாட்டுக்கு அதெல்லாம் தெரியாது என்பது அவர் கட்சி. ஜெயித்தது அவர்தான், சிடி அவருடையது.

மாமாவுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கொஞ்சம் இடைவெளி விழுமே... அந்த இடைவெளியில் அடுத்த பாட்டை அவர் தொடங்கிவிடுவார். அதுவும் தப்பான சுருதியில். பிளேயர் பாட ஆரம்பிக்கும்போது அவர் முதல் வரியில் பாதி தாண்டியிருப்பார். அக்கா வீட்டுக்குள்ளிருந்து கத்துவாள் — மாடு மிரளப்போகிறது, வாயை மூடுங்கள் என்று. அவர் கேட்டதே இல்லை.

சரி, கடைக்கு வருவோம். பேர் தெரிந்த கம்பெனியையே வாங்கினேன். ரசீதோடு. தவிடு இல்லாமல். காலி சிடிக்கு மட்டும் இன்னும் இரண்டு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மீனாட்சிபுரத்தில் அக்கா வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். முதல் சிடி பாதியில் நின்றது. ஒயரில் இரண்டு முனை இருப்பதைக் கவனிக்காமல் ஒன்றை மட்டும் சொருகியிருக்கிறேன். ரைட்டருக்குக் கரண்ட் போதவில்லை. இரண்டாவது முழுசாக எழுதியது, ஆனால் சாளையில் இருந்த கிழட்டு பிளேயர் அதைச் சீந்தவில்லை. சிடியே இல்லை என்று சாதித்தது. கார்த்தி இரண்டையும் வாங்கிக்கொண்டு, கயிறு எடுத்துக் காட்டுப் பக்கம் போனான். பரம்பரைப் புத்தி!

மூன்றாவதற்கு ஸ்பீடை இருப்பதிலேயே குறைவாக வைத்தேன். அக்காவிடம் மிக்சி போடாதே என்றேன். அவள் பிளக்கையே பிடுங்கிவிட்டாள். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தட்டு வெளியே வந்தது. சாளையில் போட்டுப் பார்த்தோம். பாடியது.

ஆனால் பாடினால் போதுமா? மாடு ஒப்புக்கொள்ள வேண்டுமே. அன்று சாயங்காலக் கறவை ஏற்கெனவே தகராறில் முடிந்திருந்தது. மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை காலைக் கறவை மட்டும். அது முடிந்து கொஞ்ச நேரத்தில் தரகர் வந்துவிடுவார்.

விடிந்தது. அக்கா செவலையின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். கார்த்தியும் நானும் அவளுக்குப் பின்னால் சாளை வாசலில் நின்றோம். முதல் பாட்டு முழுவதும் ஓடியது. குண்டான் அடியில் வெறும் சொட்டு. கார்த்தி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

முதல் பாட்டு முடிந்தது. இடைவெளி விழுந்தது.

அந்த இடைவெளியில் ஒரு குரல் அடுத்த பாட்டைத் தொடங்கியது. முந்திக்கொண்டு. தப்பான சுருதியில். அச்சு அசலாக மாமா தொடங்குகிற அதே தப்பு.

அக்கா பாடிக்கொண்டிருந்தாள். நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு. செவலையின் காது திரும்பியது. குண்டானில் பால் சர்ரென்று விழுகிற சத்தம் கேட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வந்தது.

அப்போதுதான் புரிந்தது. மாமா போனதிலிருந்தே அவள் இப்படிப் பாடித்தான் கறந்திருக்கிறாள். கார்த்தியின் ஸ்பீக்கரில் அடுத்து எந்தப் பாட்டு வரும் என்று யாருக்குமே தெரியாது. தெரியாத பாட்டை வாய் எப்படி முந்தும்? நம் போனில் இன்றைக்கு உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கிறது. ஆனால் ஒரு பாட்டு முடிகிறபோது அடுத்தது தானாக நாக்கில் வந்து நிற்கிற அந்தச் சுகம் இருக்கிறதா? ஒரே வரிசையை ஓராயிரம் தடவை கேட்டவர்களுக்குத்தான் அது வாய்க்கும். அக்காவுக்கு வாய்த்தது. கேட்ட மாட்டுக்கும் வாய்த்தது.

கார்த்தி மெதுவாகக் கேட்டான். “ஏனுங்கம்மா, நீங்க பாடுவீங்களா?”

அக்கா கண்ணைத் திறந்தாள். “நானா? நா எங்கடா பாடுனேன்? மிஷினு பாடுது.”

நிஜமாகவே அவளுக்குத் தெரியாது.

தரகர் வந்தார். கார்த்தி அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தான். இப்போதைக்கு விற்பதாக இல்லை, வீணாக அலைய வைத்துவிட்டேன் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினான். அக்காவுக்கு வாயெல்லாம் பல். எங்கள் இரண்டு பேரையும் ஜெயித்த பார்வை பார்த்தாள்.

“நாஞ் சொன்னப்ப யாராச்சும் நம்புனீங்களா? மாட்டுக்கு அந்த சிடிதான் வேணும். வேற எதுக்கும் அது எறங்காது.”

நானும் கார்த்தியும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினோம். உள்ளதைச் சொன்னால் வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடிவிடுவாள். மூடிவிட்டால் அப்புறம் எந்தக் கம்பெனி ரைட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அக்கா இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். மீனாட்சிபுரத்தில் இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அவளிடம் மூச்சு விடாதீர்கள்!